கார்கி இரண்டாம் முறையும் எழுந்தாள்

கேள்வி: நான் கணித ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக வேதாந்த வகுப்புக்குப் போய்வருகிறேன். கேள்வி கேட்காமல் எதையும் ஏற்றுக்கொள்ள என்னால் முடிவதில்லை. போன மாதம் வகுப்பில், "இருப்பது பிரம்மம் ஒன்றே என்றால் அறியாமை யாருக்கு?" என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர், "தர்க்கத்தை விடும்மா, இது உள்ளுணர்வால் பிடிபட வேண்டிய விஷயம். அதிகம் கேட்டால் தலை விழும் என்று கார்கியிடமே சொல்லியிருக்கிறார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் கணவரோ, "நிரூபிக்க முடியாததை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்கிறார். இதற்கிடையில் ஒரு விடியற்காலையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது சில நிமிடங்கள் 'நான்' என்பதே இல்லாமல் போயிற்று. அறை இல்லை, உடம்பு இல்லை, எண்ணம் இல்லை, ஒரே அமைதி. அதன்பிறகு எவ்வளவோ முயன்றும் அது வரவில்லை. அதுதான் அத்வைத அனுபவமா? நான் எதை நம்புவது, தர்க்கத்தையா, உள்ளுணர்வையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உபநிடதத்தில் வரும் பெண் ஞானி கார்கியின் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைத்தார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தத்துவம் பாடம் சொல்லிவருகிறேன். இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

பிருகதாரண்யக உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயம். விதேக நாட்டு ஜனகரின் வேள்வி. ஆயிரம் பசுக்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் கொம்பிலும் பொன் கட்டியிருக்கிறது. கூடியிருப்பவர்களில் பிரம்மத்தை மிக நன்றாக அறிந்தவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் அரசர். யாக்ஞவல்கிய முனிவர் தம் மாணவனைக் கூப்பிட்டுப் பசுக்களை ஓட்டச் சொல்லிவிடுகிறார். சபை கொதிக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து அவரைக் கேள்வியால் மடக்கப் பார்க்கிறார்கள். கார்கியும் எழுகிறாள். இந்த உலகமெல்லாம் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது என்றால், அந்த நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? காற்றில். காற்று எதில்? இப்படியே சூரியலோகம், சந்திரலோகம், நட்சத்திரலோகம் என்று ஏறிக்கொண்டே போய் பிரம்மலோகத்தைத் தொடுகிறாள். பிரம்மலோகம் எதில் என்று கேட்கும்போதுதான் அவர், அளவு மீறிக் கேட்காதே, தலை விழுந்துவிடும் என்கிறார். கார்கி உட்கார்ந்துவிடுகிறாள்.

இது அந்த அத்தியாயத்தின் ஆறாவது பிராமணம், அதாவது ஆறாவது உட்பிரிவு. உங்கள் வகுப்பு மூத்தவர் இங்கேயே நிறுத்திவிட்டார். எட்டாவது பிராமணத்தில் அதே கார்கி, அதே சபையில், மறுபடியும் எழுகிறாள். இந்த முறை சபையின் அனுமதியைக் கேட்டுவிட்டு எழுகிறாள். வீரர் மகன் ஒருவன் வில்லை நாணேற்றி இரண்டு அம்புகளோடு எதிரே நிற்பதுபோல் நான் இரண்டு கேள்விகளோடு நிற்கிறேன் என்கிறாள். வானத்துக்கு மேலே உள்ளது, பூமிக்குக் கீழே உள்ளது, இரண்டுக்கும் நடுவில் உள்ளது, இருந்தது, இருப்பது, வரப்போவது, இத்தனையும் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? ஆகாசத்தில். சரி, அந்த ஆகாசம் எதில்? இப்போது யாக்ஞவல்கியர் அவளை அடக்கவில்லை. அக்ஷரம், அழியாதது, என்று சொல்லத் தொடங்குகிறார். பருமனும் இல்லை, நுண்மையும் இல்லை, குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை என்று நீண்டுகொண்டே போய், அது காணப்படாமல் காண்பது, கேட்கப்படாமல் கேட்பது என்று முடிகிற அந்தப் பகுதி, உபநிடதங்களிலேயே மிக உயர்ந்த இடங்களில் ஒன்று. அது கார்கியின் கேள்விக்குக் கிடைத்த பதில். அவள் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்திருந்தால் அந்தப் பதில் நமக்குக் கிடைத்திருக்காது.

முதல் தடவை ஏன் தடுத்தார்? இருப்பது ஒன்றே என்னும் அத்வைதத்தின் ஆசான் சங்கரர் இந்த உபநிடதத்துக்கு எழுதிய உரையில் காரணம் சொல்கிறார். சாத்திரத்தின் வழியாகக் கேட்டறிய வேண்டியதை அனுமானத்தால் பிடிக்கப் பார்க்காதே என்பதுதான் அந்தத் தடையாம். கேள்வியைத் தடுக்கவில்லை, கருவி பொருந்தாததைச் சுட்டிக்காட்டுகிறார். நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன். முதல் முறை கார்கியின் கேள்வி ஏணிப்படி மாதிரி. இது எதில், அது எதில் என்று ஒவ்வொரு படிக்கும் அடுத்த படி கேட்கிற கேள்வி. கணக்கு ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வரிசைக்குக் கடைசி உறுப்பு கிடையாது. கடைசி என்று எதைச் சொன்னாலும் அதற்கும் அடுத்தது கேட்கலாம். இரண்டாம் முறை அவள் படிகளை எண்ணவில்லை, இடமும் காலமுமான மொத்தத்தையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு, இது எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்கிறாள். தர்க்கம் கைவிடப்படவில்லை, கூர்மையாகியிருக்கிறது.

அடுத்து, 'உள்ளுணர்வு' என்ற சொல். நாம் இதை இரண்டு அர்த்தத்தில் கலந்து பேசுகிறோம், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. "என் உள்மனசு சொல்லுது" என்கிறோமே, அது ஒன்று. காரணம் தெரியாமல் சட்டென்று தோன்றுகிற ஊகம். அது மதிக்க வேண்டியதுதான். உங்கள் துறையில் முடிவு முதலில் மின்னி, நிரூபணம் பிறகு வருவது சகஜம். ஆனால் 1913-ல் ராமானுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், வியக்கவைக்கும் சூத்திரங்களுக்கு நடுவே பகா எண்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் பிழை இருந்தது. அவ்வளவு பெரிய மேதையின் மனத்தில் மின்னியதையும் சரிபார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

வேதாந்த நூல்களில் வருவது இந்த உள்ளுணர்வு இல்லை. அங்கே அனுபவம் என்றும், அபரோக்ஷ ஞானம் என்றும் சொல்கிறார்கள். அபரோக்ஷம் என்றால் மறைவாக, தொலைவாக இல்லாதது, இடையில் எதுவும் இல்லாமல் நேராகத் தெரிவது. இருபதாம் நூற்றாண்டில் ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அறிவுக்கும் மேலான ஓர் உள்ளுணர்வைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த வாசனை நம் மேடைப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டு, 'தர்க்கத்துக்கு எதிரான ஒரு தனி உணர்வு' என்றே பொருளாகிவிட்டது என்பது என் கணிப்பு. சங்கரர் அப்படிச் சொல்பவர் இல்லை. வேதாந்தத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையின் தொடக்கத்திலேயே ஓர் உதாரணம் தருகிறார். எதிரே ஒரு கட்டை நிற்கிறது. அது கட்டையோ, மனிதனோ, வேறு ஏதோ என்று தோன்றினால் அது உண்மை அறிவு ஆகாது, கட்டை என்று அறிவதே உண்மை அறிவு. ஏனென்றால் அறிவு, அறியப்படும் பொருளைச் சார்ந்தது. என் விருப்பத்தையோ மனநிலையையோ சார்ந்ததில்லை. "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்பதற்கு அங்கே தனிச் சலுகை எதுவும் கிடையாது. இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேதாந்தம் படிக்க வருபவனுக்கு வேண்டிய நான்கு தகுதிகளில் முதலாவது விவேகம், நிலையானதையும் நிலையில்லாததையும் பிரித்தறியும் திறமை. பிரித்தறிவதைக் கைவிடச் சொல்பவர்கள் முதல் தகுதியையே கைவிடச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் கணவர் சொல்வது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீ குளிர்ந்தது என்று நூறு வேதவாக்கியங்கள் சொன்னாலும் அது பிரமாணம், அதாவது அறிவுக்கு ஆதாரம், ஆகாது என்று கீதை உரையில் சங்கரரே எழுதியிருக்கிறார். கண்ணால் கண்டதோடு மோதுகிற எதையும் சாத்திரத்தின் பெயரால் விழுங்க வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்று அவரிடமும் கேட்க வேண்டும். புகையைப் பார்த்து மலையில் தீ இருக்கிறது என்கிறோம். எப்படி முடிந்தது? முன்பு அடுப்படியில் புகையையும் தீயையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். அனுமானத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும், அந்த அடையாளம் எதைக் காட்டுகிறதோ அதோடு முன்பே சேர்த்துப் பார்த்த பழக்கமும் வேண்டும். தனக்கு வேறாக இன்னொன்றே இல்லாத பிரம்மத்துக்கு எந்த அடையாளத்தை எதோடு சேர்த்துப் பார்ப்பது? உருவம் இல்லாததால் கண்ணுக்கு எட்டாது, அடையாளம் இல்லாததால் அனுமானத்துக்கும் எட்டாது என்று சங்கரர் சொல்வது இதைத்தான். கடோபநிடதம், இந்த அறிவு தர்க்கத்தால் அடையப்படுவதில்லை என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

பிரம்மசூத்திரத்தில் இரண்டாம் அத்தியாயம், முதல் பாதம், பதினோராவது சூத்திரம் இதைப் பற்றியே பேசுகிறது. தர்க்கத்துக்கு ஓர் இடத்தில் நிலைத்து நிற்கும் தன்மை இல்லை என்கிறது. அதற்குச் சங்கரரின் உரையை நான் ஒவ்வோர் ஆண்டும் ஆசையோடு நடத்துவேன். கெட்டிக்காரர் ஒருவர் பாடுபட்டு நிறுவியதை அவரைவிடக் கெட்டிக்காரர் உடைக்கிறார், அவர் நிறுவியதை இன்னொருவர் உடைக்கிறார். முன்பிருந்த, இப்போதிருக்கிற, இனிவரப்போகிற தார்க்கிகர்கள் எல்லோரையும் ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் கூட்டிவைத்து ஒருமித்த முடிவு வாங்க முடியுமா என்று கேட்கிறார். அங்கே எதிர்த்தரப்புக்காரன் ஒரு நல்ல வெட்டு வெட்டுகிறான். தர்க்கம் நிலையில்லாதது என்று நீர் சொல்வதே தர்க்கத்தால்தானே? சில தர்க்கங்கள் தவறின என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளினால் உலக நடப்பே நின்றுபோகுமே? சங்கரர் இந்த வெட்டை மூடி மறைக்கவில்லை, முழுசாக எழுதிவைக்கிறார். சில விஷயங்களில் தர்க்கம் உறுதியாக நிற்கும் என்று ஒப்புக்கொண்டு, இந்த விஷயத்தில் மட்டும் அது தனியாக நிற்காது என்கிறார். அதே பாதத்தில் இன்னோர் இடத்தில் 'உலர்ந்த தர்க்கம்' என்று ஒரு சொல் வருகிறது. சுருதியின், அதாவது வேதவாக்கின், துணையோடு, அனுபவத்துக்கு உறுப்பாக வரும் தர்க்கத்தை ஏற்கிறோம், உலர்ந்த தர்க்கத்தை ஏற்பதில்லை என்கிறார். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். வேரறுந்த செடி, இலை கொஞ்ச நாள் பச்சையாகத்தான் தெரியும்.

அப்படியானால் சுருதி, தர்க்கம், அனுபவம் மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? இதற்கு என்னிடம் சொந்த உவமை கிடையாது, தேவையும் இல்லை. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார். காந்தார தேசத்து மனிதன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து ஆளில்லாக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். கிழக்கும் வடக்கும் தெரியாமல் கத்துகிறான். ஒருவர் வந்து கட்டை அவிழ்த்து, காந்தாரம் அந்தத் திசையில், இப்படிப் போ என்கிறார். அவன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போய் காந்தாரத்தை அடைகிறான்.

இந்த மனிதனுக்கு உபநிடதம் இரண்டு அடைமொழி தருகிறது: பண்டிதன், மேதாவி. வழியைக் கேட்டுப் புரிந்துகொள்பவன், கேட்டதை எடைபோடத் தெரிந்தவன். திசை அவனுடைய மூளையிலிருந்து முளைக்கவில்லை, சொல்லப்பட்டது. காட்டின் நடுவில் நின்று எவ்வளவு யோசித்தாலும் காந்தாரம் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் சொல்லிவிட்ட பிறகு நடப்பது, கிளைவழி வரும்போது இதுவா அதுவா என்று பார்ப்பது, அரைகுறையாகச் சொல்பவனை நம்பிக் கெட்டுப்போகாமல் இருப்பது எல்லாம் அவன் புத்தியின் வேலை. கடைசியில் தன் ஊர் வாசலில் போய் நிற்கும்போது, இது என் ஊர்தான் என்பதற்கு அவனுக்கு யாரும் நிரூபணம் காட்ட வேண்டியதில்லை. சிரவணம் (கேட்டறிதல்), மனனம் (தர்க்கத்தால் ஆராய்தல்) என்று நூல்கள் சொல்வதையும், அது போய்ச் சேரும் நேரடி அறிவையும் நான் இந்தப் பயணத்தில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். உங்கள் வகுப்பு மூத்தவர் ஊர் வாசலைப் பற்றிப் பேசுகிறார், உங்கள் கணவர் கிளைவழியைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் திசை சொன்னவரை மறந்துவிட்டார்கள்.

இப்போது அந்த விடியற்காலை. நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், பொய் சேர்க்காமல் எழுதியிருப்பதும் தெரிகிறது. நடந்தது நல்ல விஷயம். ஆனால் அதைச் சாதனையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இழப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்தது, போயிற்று. வந்து போகும் எதையும் பிரம்மம் என்று அத்வைதம் சொல்லாது. ஆழ்ந்த உறக்கத்திலும் சமாதியிலும் பேதம் தானாகவே மறைகிறது, ஆனால் தவறான அறிவு நீங்காததால் விழித்ததும் பேதம் பழையபடி திரும்பிவிடுகிறது என்று சங்கரர் சூத்திர உரையில் எழுதுகிறார். உங்களுக்கு நடந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சங்கரருக்கு முந்தைய அத்வைத ஆசான் கௌடபாதரும் மாண்டூக்கிய காரிகையில், தியானத்தில் வரும் சுகத்தைச் சுவைத்துக்கொண்டிருக்காதே, அறிவால் அதில் ஒட்டாமல் இரு என்கிறார். மறுபடி வரவேண்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்களே, அந்தச் சுவைதான் அது.

ஆனாலும் அந்த நிமிடங்களை வீணாக்க வேண்டாம். அவற்றின்மேல் உங்கள் தர்க்கத்தைத் திருப்புங்கள். "நான் இல்லை, அமைதி இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதி இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது அறிவே இல்லாமல் வெற்றாக இருந்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்து "சில நிமிடம் போயிருக்கிறது" என்று கணக்கிடலாமே தவிர, அமைதி என்று சொல்ல வழியில்லை. அறிவு இருந்தது என்றால், 'நான் இன்னார்' என்ற எண்ணம் இல்லாமலேயே அது இருந்திருக்கிறது. அப்படியானால் அந்த எண்ணம் வேறு, அந்த அறிவு வேறு. 'நான்' என்ற எண்ணம் வந்து போகிறது, அது வந்ததும் போனதும் எதற்குத் தெரிந்ததோ அது இரண்டு சமயத்திலும் இருந்திருக்கிறது.

நீங்கள் இதை எளிதில் விடமாட்டீர்கள் என்று தெரியும். "பிறகுதான் ஊகித்தேன், அப்போது எதுவும் தெரியவில்லை என்று ஏன் சொல்லக் கூடாது?" என்று கேட்பீர்கள். உறக்கத்தைப் பற்றி, தர்க்கத்தையே முதன்மையாகக் கொண்ட நியாய தரிசனத்தார் அத்வைதிகளிடம் கேட்பது இதேதான். சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்பது நினைவு இல்லை, விழித்த பிறகு செய்யும் அனுமானம் என்பார்கள். அத்வைதிகள் திருப்பிக் கேட்கிறார்கள்: எந்த அடையாளத்தை வைத்து அனுமானிக்கிறீர்கள்? எதுவும் நினைவில் இல்லாததை வைத்தா? நடந்துபோகும்போது வழியில் பார்த்த புல் எதுவும் நினைவில் இருப்பதில்லை, அதனால் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமா? நினைவின்மை, அறிவின்மைக்கு உறுதியான அடையாளம் ஆகாது. இந்த வாதம் இங்கேயும் முடிவதில்லை, நீங்கள் விரும்பினால் இன்னும் பல சுற்று போகலாம். போங்கள். ஒரு மாதம் இதிலேயே செலவானாலும் நல்லதே. முடிவில் உறுதியாக ஒன்று கைக்கு வரும்: 'நான்' என்று நான் சொல்லிக்கொள்பவற்றில் எதெல்லாம் பார்க்கப்படும் பொருள், எது பார்ப்பது என்ற பிரிவு.

தர்க்கம் இதுவரை கொண்டுவந்து விடும். இங்கே நிற்கும். உடம்பு நான் இல்லை, மனம் நான் இல்லை, இவற்றை அறியும் சாட்சி நான் என்று பிரித்துக் காட்ட அதனால் முடியும். அந்தச் சாட்சி எல்லையில்லாதது, உலகத்துக்கு ஆதாரமாக இருப்பதும் அதுவே என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதைச் சொல்வது, உத்தாலகர் சுவேதகேதுவுக்குச் சொன்ன 'அது நீ' என்ற வாக்கியம். சங்கரரின் சீடர் சுரேசுவரர் இதை மிகத் தெளிவாக வைத்திருக்கிறார். யுக்தி, அதாவது தர்க்கம், ஆத்மா அல்லாதவற்றை விலக்குகிறது, வாக்கியம் அறிவைத் தருகிறது. பிரிப்பது ஒன்றின் வேலை, சேர்ப்பது மற்றொன்றின் வேலை.

ஒரு வாக்கியம் எப்படி நேரடி அறிவைத் தரும் என்று கேட்டால், பத்தாவது மனிதன் கதைதான். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒவ்வொருவனும் எண்ணிப் பார்க்கிறான், ஒன்பதுதான் வருகிறது. பத்தாமவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். கணக்கு ஆசிரியையாக இதைப் பாருங்கள். கூட்டலில் பிழை இல்லை. எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பதுதான் வரும், ஏனென்றால் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். மேலும் மேலும் எண்ணுவதால் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்தாமவன் உள்ளே தோன்றுவான் என்று காத்திருப்பதாலும் பயனில்லை. வழிப்போக்கன் ஒருவன், "பத்தாவது ஆள் நீதான்" என்கிறான். அந்தக் கணத்தில் கிடைக்கிற அறிவு சொல்லிலிருந்து வந்தது, ஆனாலும் நேரடியானது, ஏனென்றால் பத்தாமவன் வேறெங்கும் இல்லை. சந்தேகக்காரனாக இருந்தால் தன்னையும் சேர்த்து இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பான். அது மனனம். (சொல்லிலிருந்தே நேரடி அறிவு பிறக்குமா, தியானத்தால் பண்பட்ட மனத்தில்தான் பிறக்குமா என்பதில் அத்வைதத்துக்குள்ளேயே விவரண மரபுக்கும் பாமதி மரபுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அதில் இப்போது நீங்கள் தலையிட வேண்டியதில்லை.)

அறியாமை யாருக்கு என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். அது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை. அறியாமை ஜீவனைச் சார்ந்தது என்று பாமதி மரபும், பிரம்மத்தையே சார்ந்தது என்று விவரண மரபும் இந்தக் கேள்வியின்மேல் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கின்றன. சங்கரர் சொன்ன பதில் எளிமையானது. அறியாமை யாருக்கு? கேட்கிற உனக்கு. நான் ஈசுவரனே என்று சுருதி சொல்கிறதே என்றால், அப்படி அறிந்துவிட்டாயானால் அறியாமை யாருக்கும் இல்லை. முதலில் கேட்கும்போது இது நழுவல் மாதிரி இருக்கும். மறுபடி யோசியுங்கள். "எனக்குத் தெரியவில்லை" என்பது கேட்கும் இடத்தில்தான் இருக்கிறது, வேறெங்கேயும் அதை யாரும் பார்த்ததில்லை. கேள்வியின் முகத்தைப் பிரம்மத்தின் பக்கமிருந்து கேட்பவரின் பக்கம் திருப்புகிறார். எண்ணுகிறவனை எண்ணச் சொன்ன அதே திருப்பம்.

எப்போது தர்க்கத்தை நிறுத்துவது என்றும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நூல்கள் இரண்டு தடைகளைப் பிரித்துச் சொல்கின்றன. ஒன்று அசம்பாவனை, இது சாத்தியமே இல்லையே என்ற சந்தேகம். அதற்கு மருந்து மனனம், அதாவது தர்க்கம். மற்றது விபரீத பாவனை, சந்தேகம் தீர்ந்த பிறகும் பழைய பழக்கத்தால் உடம்பையே நான் என்று பற்றிக்கொள்வது. அதற்குத் தர்க்கம் மருந்தில்லை.

இதை நான் அறிந்தது ஒரு மருத்துவமனை வராந்தாவில். மாண்டூக்கிய காரிகையை வரிவரியாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு சோதனை முடிவுக்காக இரவெல்லாம் காத்திருந்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து என் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன், எதிலும் ஓட்டை இல்லை. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. புதிதாக இன்னொரு வாதம் தேடினேன், அதுவும் உதவவில்லை. அப்போதுதான் புரிந்தது, எனக்கு வேண்டியது புதிய வாதம் இல்லை, தெளிந்ததிலேயே திரும்பத் திரும்ப மனத்தை நிறுத்தும் நிதித்தியாசனம் என்று. பத்தாவது மனிதன் கிடைத்த பிறகும், தலையில் அடித்துக்கொண்ட காயம் ஆறப் பல நாள் ஆகும் என்று பஞ்சதசி என்ற வேதாந்த நூல் சொல்கிறது. அந்த வரியை நான் பலமுறை நடத்தியிருந்தேன், அன்றைக்குத்தான் படித்தேன்.

ஆகவே ஒரு கேள்வி எழும்போது இதைப் பாருங்கள். முன்பு கேட்காத புதுக் கேள்வியா? விடாமல் கேளுங்கள், ஒரு துளி சமரசம் செய்யாதீர்கள். பதில் கிடைத்து, ஒப்புக்கொண்டு, அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறதா? அப்போது வாதத்தை வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். அந்த விடியற்காலை மாதிரி உட்காருங்கள், அது திரும்ப வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல். அமைதி வந்தாலும் எரிச்சல் வந்தாலும் இரண்டையும் அறிவது எது என்று பாருங்கள். கேனோபநிடதம், ஒவ்வோர் அறிவு எழும்போதும் அது அறியப்படுகிறது என்று சொல்கிறது. எரிச்சலை அறியும்போதும்தான்.

தமிழிலேயே படிக்க ஒன்று வேண்டுமென்றால், தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. இரண்டு படலங்களில் இரண்டாவதன் பெயரே சந்தேகம் தெளிதற் படலம். முதல் படலத்தில் உபதேசம் பெற்ற சீடன் அங்கே மறுபடியும் கேள்வி கேட்கிறான், குரு பொறுமையாகப் பதில் சொல்கிறார். உங்களுக்கு அந்தச் சீடனைப் பிடிக்கும்.

வகுப்பைப் பற்றி. நியாய நூல்கள் உரையாடலை மூன்றாகப் பிரிக்கும்: உண்மை தெரிவதற்காகப் பேசும் வாதம், வெல்வதற்காகப் பேசும் ஜல்பம், தன் கட்சி எதையும் வைக்காமல் எதிராளியை மட்டும் உடைக்கும் விதண்டை. உங்கள் கேள்வி முதல் வகை என்பது கேட்கும் விதத்திலேயே தெரியட்டும். பலர் முன்னால் கேட்டு மூத்தவரைச் சங்கடத்தில் வைக்க வேண்டாம், வகுப்பு முடிந்த பிறகு போய் உட்காருங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் ஒரு காலத்தில் யாரோ இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தின் ஆறாவது பிராமணம் மிகச் சிறியது, எட்டாவதும் பெரிதில்லை. "இரண்டையும் சேர்த்து ஒரு நாள் வாசிக்கலாமா, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.